எஸ்.ஜி.பி.டி எண் ஊருக்கு ஊர் மாறலாமா? நீலகிரி லேப்களுக்கு முன்னால் இருக்கும் நான்கு வழிகள்

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு காலை, தேயிலைத் தோட்ட லைனிலிருந்து ஒரு அக்கா கூடலூரில் உள்ள எங்கள் லேபுக்கு வந்தார். காசநோய் மருந்து தொடங்கி ஐந்து வாரம் ஆகியிருந்தது. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, வாந்தி வேறு. ஈரல் அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் நொதியான எஸ்.ஜி.பி.டி 104 வந்தது. எங்கள் கிட்டில் (பரிசோதனைக்கு வாங்கும் மருந்துப் பெட்டி) நார்மலின் மேல் எல்லை 40. ஊட்டியில் காட்டச் சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் அங்கே ஒரு லேபில் எடுத்தபோது 139. அவர்கள் ரிப்போர்ட்டில் மேல் எல்லை 45.

காசநோய் மருந்து சாப்பிடுபவருக்கு வாந்தி, மஞ்சள் போன்ற அறிகுறி இருந்து, இந்த எண் மேல் எல்லையைப் போல் மூன்று மடங்கைத் தாண்டினால் மருந்தை நிறுத்தி வைப்பார்கள். அறிகுறி இல்லாவிட்டால் ஐந்து மடங்கு வரை பார்ப்பார்கள். எங்கள் ரிப்போர்ட்டின்படி 2.6 மடங்கு. ஊட்டி ரிப்போர்ட்டின்படி 3.1 மடங்கு. ஒன்றைப் பார்த்தால் மருந்தைத் தொடரலாம், மற்றதைப் பார்த்தால் நிறுத்த வேண்டும்.

ஒரு நாளில் ஏறியிருக்கும் என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். ஊட்டி லேபில் வேலை செய்யும் தம்பியைக் கூப்பிட்டேன். "அக்கா, உங்க டியூப்ல மிச்ச சீரம் ஃபிரிட்ஜ்ல இருக்கும்ல? அனுப்பி விடுங்க, ஓட்டிப் பார்த்துடலாம்" என்றான். அனுப்பினேன். நான் 104 என்று எழுதிக் கொடுத்த அதே சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) அவன் மெஷினில் 136. அந்த அக்காவின் ஈரலில் ஒரு நாளில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை, லேப் மாறியதுதான் வித்தியாசம். டாக்டர் அறிகுறியைப் பார்த்து மருந்தை நிறுத்தியது சரியான முடிவு. ஆனால் எங்கள் ரிப்போர்ட் மட்டும் கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து எனக்குப் பல நாள் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு கூடலூர், பந்தலூர், ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று ஐந்து சின்ன லேப்களில் வேலை செய்கிறவர்கள் கூடிப் பேச ஆரம்பித்தோம். எங்கள் எண்களை ஒன்றாக்க நான்கு வழிகள் தெரிந்தன. அவற்றை இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன். நாலாவது வழியில்தான் என் மனம் நிற்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற மூன்றும் ஏன் போதவில்லை என்பதைப் பார்த்தால்தான் அதற்கு ஆகும் செலவு நியாயமாகத் தெரியும்.

சர்க்கரையை அளக்கும்போது இவ்வளவு சிக்கல் இல்லை. ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறதோ அதுதான் விடை. நொதியை நாம் எடை போடுவதில்லை, அது வேலை செய்யும் வேகத்தை அளக்கிறோம். தோட்டத்துக்குள் எத்தனை பேர் கொழுந்து பறிக்கிறார்கள் என்று தெரியாத ஒருவர், ஒரு மணி நேரத்தில் எடை போடும் இடத்துக்கு எத்தனை கிலோ வந்தது என்பதை வைத்து ஆள் கணக்கு சொல்வதைப் போன்றது இது. வெயிலா மழையா, சரிவா சமவெளியா, கையால் பறிக்கிறார்களா கத்தரியால் வெட்டுகிறார்களா என்பதைப் பொறுத்து கிலோ மாறும், ஆட்கள் அதே பேர்தான். நொதிக்கு வெப்பநிலை, கார அமில அளவு, அதை நிலையாக வைக்கும் பஃபர் கரைசல், நொதி மாற்றும் பொருளான சப்ஸ்ட்ரேட், துணைப் பொருள் எல்லாமே இந்த வெயில் மழை மாதிரி.

எஸ்.ஜி.பி.டி, எஸ்.ஜி.ஓ.டி என்று நாம் இன்னும் சொல்லும் இரண்டு நொதிகளையும் ரத்தத்தில் அளக்க ஆரம்பித்தது 1950களின் நடுவில். 1957இல் ரைட்மன், ஃபிராங்கல் இருவரும் நிறம் பார்த்து அளக்கும் எளிய முறையைத் தந்தார்கள். பழைய டெக்னீஷியன்கள் அதில்தான் கை பழகினார்கள். ஈரல், எலும்பு நோய்களில் பார்க்கும் இன்னொரு நொதியான ஆல்கலைன் பாஸ்பட்டேஸுக்குக் கிங் ஆம்ஸ்ட்ராங் யூனிட், போடான்ஸ்கி யூனிட் என்று ஆளுக்கொரு யூனிட் இருந்தது. 1961இல்தான் ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் சப்ஸ்ட்ரேட்டை மாற்றும் அளவு ஒரு யூனிட் என்று சர்வதேச அளவில் வகுத்தார்கள். யூனிட் ஒன்றானதும் எண்ணும் ஒன்றாகிவிட்டது என்று பலர் நம்பிவிட்டார்கள். ரிப்போர்ட்டில் 'லிட்டருக்கு இத்தனை யூனிட்' என்று ஒரே மாதிரி அச்சாகிறது, ஆனால் அந்த ஒரு நிமிட வேலை எந்த நிலையில் நடந்தது என்பது எங்கேயும் அச்சாவதில்லை. அந்த நிலையை எல்லோருக்கும் ஒன்றாக வரையறுத்தது ஐ.எஃப்.சி.சி என்ற சர்வதேச கிளினிக்கல் கெமிஸ்ட்ரி கூட்டமைப்பு. முதலில் 30 டிகிரியில் வகுத்தார்கள். 2002இல் 37 டிகிரிக்கான மேற்கோள் முறைகள், அதாவது மற்ற முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் மூல முறைகள், வந்தன. கணைய நோயில் பார்க்கும் அமைலேஸுக்கு 2006, ஆல்கலைன் பாஸ்பட்டேஸுக்கு 2011.

முதல் வழி, எல்லா ஸாம்பிளையும் கோயம்புத்தூரில் ஒரே பெரிய லேபுக்கு அனுப்பிவிடுவது. பலரும் உடனே சொல்வது இதைத்தான். மெஷின் ஒன்று, கிட் ஒன்று, எண்ணும் ஒன்று. அவசரம் இல்லாத பரிசோதனைக்கு இதில் தவறே இல்லை. ஆனால் வாந்தியோடு வந்து நிற்பவருக்கு நாளை மாலை வரும் எண்ணால் பயன் இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது மலைப்பாதைகள் எப்படிக் கிடந்தன என்பது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இதில் இன்னொரு சிக்கல் டியூபுக்குள்ளேயே இருக்கிறது. சீரம் பிரிக்காமல் முழு ரத்தமாக அனுப்பினால், கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக் கீழே போய்ச் சேர்வதற்குள் சிவப்பணு உடையலாம். சிவப்பணுவுக்குள் எல்.டி.ஹெச் என்ற நொதியும் எஸ்.ஜி.ஓ.டியும் நிறைய இருப்பதால் இரண்டும் பொய்யாக ஏறும். சரி, சீரமாகப் பிரித்து ஐஸில் வைத்து அனுப்பினால்? எஸ்.ஜி.பி.டிக்கு அது நல்லது. எல்.டி.ஹெச்சில் ஈரலிலிருந்து வரும் வகைக்குக் குளிர் ஆகாது, ஃபிரிட்ஜில் வைத்தால் மெல்ல மெல்லச் செத்துப்போகும். ஒரே பெட்டியில் ஒன்றுக்கு ஐஸ் வேண்டும், மற்றதற்குக் கூடாது. கலெக்ஷன் பையன் வந்து நிற்கும் அவசரத்தில் இதைக் கவனித்து அனுப்புகிறவர்கள் குறைவு.

இரண்டாவது வழிக்குக் காசே செலவாகாது. எண்ணை விட்டுவிட்டு மடங்கை மட்டும் எழுதுவது. டாக்டர்களும் மடங்கில்தான் யோசிக்கிறார்கள், வழிகாட்டி நெறிகளும் மடங்கில்தான் இருக்கின்றன. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் இதற்குக் கை தூக்கினார்கள்.

நானும் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பேன், அந்த அக்காவின் இரண்டு ரிப்போர்ட்டும் என் மேசையில் இல்லாதிருந்தால். மேல் எல்லையால் வகுத்த பிறகும் 2.6, 3.1 என்று பிரிந்தே நின்றன. வகுக்கும் எண்ணை யார் கொடுத்தார்கள் என்று பார்த்தால் காரணம் தெரியும். கிட் பெட்டிக்குள் இருக்கும் தாளில் 40 என்று ஒரு கம்பெனி, 45 என்று இன்னொன்று, 50க்கு மேல் ஒன்று. எந்த நாட்டு மக்களின் ரத்தத்தில், எந்த வெப்பநிலையில் அந்த எல்லையைக் கண்டுபிடித்தார்கள் என்பது பல தாள்களில் இல்லை. நாங்கள் அதை அப்படியே டைப் செய்து வைத்திருக்கிறோம். சில லேப்களில் கிட் மாறிய பிறகும் பழைய எல்லையே ரிப்போர்ட்டில் வந்துகொண்டிருக்கிறது. ஆண், பெண் வேறுபாடும் அந்த ஒற்றை எண்ணில் காணாமல் போகிறது. அளவுகோலை நேராக்காமல் மடங்கை மட்டும் வைத்துக்கொண்டால், வளைந்த கோலால் வளைந்த கோலை அளந்தது போல ஆகிறது. எண்ணோடு கூடவே மடங்கையும் அச்சிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதையே தீர்வாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன்.

மூன்றாவது வழி, லேபுக்கு லேப் ஒரு பெருக்கும் எண். நாற்பது ஸாம்பிளாவது எடுத்து, குறைந்த அளவிலிருந்து மிக அதிகம் வரை பரவலாகத் தேர்ந்து, இரண்டு மெஷினிலும் ஓட்டி, என் எண்ணை 1.2ஆல் பெருக்கினால் உங்கள் எண் என்று கண்டுபிடிப்பது. சில பரிசோதனைகளுக்கு இது அழகாக வேலை செய்யும். ஆல்கலைன் பாஸ்பட்டேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். டி.இ.ஏ பஃபர் போட்ட கிட், ஏ.எம்.பி பஃபர் போட்ட கிட்டைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டும். பஃபர் செய்யும் வித்தியாசம் எல்லா நோயாளிக்கும் பெரும்பாலும் ஒரே விகிதத்தில் இருப்பதால் பெருக்கும் எண் தாக்குப்பிடிக்கும்.

எல்.டி.ஹெச்சில் கிட்டுக்குக் கிட் வினையின் திசையே வேறு. பைருவேட்டிலிருந்து லாக்டேட்டுக்குப் போகும் கிட்டில் மேல் எல்லை 450ஐ ஒட்டி இருக்கும். லாக்டேட்டிலிருந்து பைருவேட்டுக்கு வரும் ஐ.எஃப்.சி.சி முறையில் 220 முதல் 250க்குள். நீலகிரியில் இது சின்ன விஷயம் இல்லை. 1952இல் லேமன், கட்புஷ் இருவரும் இந்த மலைப் பழங்குடி மக்களின் ரத்தத்தில், சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரைக் குறையான அரிவாள் செல் பண்பைக் கண்டு எழுதினார்கள், இந்தியாவில் அது ஆரம்பப் பதிவுகளில் ஒன்று. கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் இன்றைக்கும் அந்த நோயோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். சிவப்பணு எவ்வளவு உடைகிறது என்று பார்க்க எல்.டி.ஹெச் கேட்பார்கள். ஒரு பையனுக்கு இங்கே 430 வந்தது, எங்கள் கிட்டில் அது நார்மல். அடுத்த மாதம் வேறு ஊரில் ஐ.எஃப்.சி.சி முறையில் 430 வந்தால் அது மேல் எல்லையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டு ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் அம்மாவுக்கோ, ஏன், அவசரத்தில் இருக்கும் டாக்டருக்கோ, எண் மாறவில்லை, பையன் நன்றாக இருக்கிறான் என்றுதான் தோன்றும்.

எஸ்.ஜி.பி.டிக்கு வரும்போது பெருக்கும் எண் கைவிட்டுவிடுகிறது. இந்த நொதி வேலை செய்ய வைட்டமின் பி-6இன் ஒரு வடிவம் வேண்டும், பைரிடாக்சல் பாஸ்பேட். தோட்டத்து உவமையில் சொன்னால் அதுதான் கூடை. கூடை இல்லாத ஆள் தோட்டத்தில்தான் இருக்கிறார், எடை போடும் இடத்துக்குக் கொழுந்து வராது. பி-6 நன்றாக இருக்கும் ஒருவரின் சீரத்தில் பெரும்பாலான நொதிக்குக் கூடை உண்டு. குடிப்பழக்கம் உள்ளவர், டயாலிசிஸில் இருப்பவர், சத்துக் குறைந்தவர் ஆகியோரிடம் பல நொதிகள் கூடையில்லாமல் நிற்கும். ஐ.எஃப்.சி.சி முறை ரீஏஜென்ட்டிலேயே (சீரத்தோடு கலக்கும் மருந்து) பி-6 வடிவத்தைச் சேர்த்து எல்லோருக்கும் கூடை கொடுத்துவிடுகிறது. நம் சந்தையில் கிடைக்கும் பல கிட்களில் அது இல்லை. ஆக, ஒருவருக்கு 1.1 மடங்கு வித்தியாசம், இன்னொருவருக்கு 1.4. ஆளுக்கு ஆள் மாறுவதற்கு எந்தப் பெருக்கும் எண்ணைப் போடுவது?

காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநியாசிட் உடம்பிலிருக்கும் பி-6ஐக் குறைக்கும். அதனால்தான் கூடவே பைரிடாக்ஸின் மாத்திரை எழுதுகிறார்கள். மாத்திரையை விட்டுவிட்டவருக்கு, பி-6 சேர்க்காத கிட்டில் எஸ்.ஜி.பி.டி குறைத்துக் காட்டும். பிறகு மாத்திரையை ஒழுங்காகப் போட ஆரம்பித்ததும் ஈரல் மாறாமலேயே எண் ஏறும். யாருக்கு இந்த எண் மிகவும் தேவையோ அவர்களிடம்தான் இந்த முறை சறுக்குகிறது. ஊட்டித் தம்பி மிச்சமிருந்த சீரத்தை பி-6 சேர்க்காத ரீஏஜென்ட்டிலும் ஒருமுறை ஓட்டினான். 109. என் 104க்குப் பக்கத்தில் வந்து நின்றது. அந்த அக்காவிடம் கேட்டபோது, சின்ன மாத்திரைகளைச் சாப்பிட்டால் குமட்டுகிறது என்று இரண்டு வாரமாகப் போடவில்லை என்றார்.

இனி நாலாவது வழி. ஐந்து லேப்களும் ஐ.எஃப்.சி.சி மேற்கோள் முறையோடு சங்கிலியாகத் தொடர்புள்ள கிட்டுக்கு மாறுவது, அதற்குரிய கேலிபிரேட்டரையும் (அளவு முன்பே தெரிந்த, மெஷினின் எண்ணைச் சரிசெய்ய ஓட்டும் திரவம்) சேர்த்து. மேற்கோள் லேபில் மிகக் கவனமாக அளந்த எண், கம்பெனியின் மூலக் கேலிபிரேட்டருக்கு வரும். அதிலிருந்து நம் கைக்கு வரும் பாட்டிலுக்கும், பாட்டிலிலிருந்து நோயாளிக்கும். ஐ.எஸ்.ஓ 17511 என்ற தரவிதி இந்தச் சங்கிலியைத்தான் பேசுகிறது. கிட் தாளில் 'ஐ.எஃப்.சி.சி முறை' என்று போட்டிருப்பது மட்டும் போதாது. 'பி-6 இல்லாமல்' என்ற சொல் அதற்கு அடுத்தே சின்ன எழுத்தில் இருக்கும். கேலிபிரேட்டர் எண் எந்த மேற்கோள் முறைக்குத் தொடர்புடையது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் தராத விற்பனையாளரை விட்டுவிடுங்கள்.

செமி ஆட்டோ (பாதி வேலையைக் கையால் செய்யும் மெஷின்) வைத்திருப்பவர்கள், "எனக்குத்தான் பேக்டர் இருக்கிறதே, கேலிபிரேட்டர் எதற்கு?" என்று கேட்பார்கள். பேக்டர் என்பது மெஷின் காணும் ஒளி மாற்றத்தை யூனிட்டாக்கப் பெருக்கும் எண், அதில் 1746 நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆயிரம் மைக்ரோலிட்டர் ரீஏஜென்ட், நூறு மைக்ரோலிட்டர் சீரம், ஆக மொத்தம் 11 பங்கு, அதை வினையில் குறையும் என்.ஏ.டி.ஹெச் என்ற பொருளின் ஒளி உறிஞ்சும் அளவு 6.3ஆல் வகுத்து, ஆயிரத்தால் பெருக்கினால் அது வரும். 6.22 என்று எடுத்த கம்பெனி 1768 என்று போடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சதவீதம்தான் வித்தியாசம், அது பிரச்சினையே இல்லை. ஆனால் 1746 ஒரு சொர்க்கத்து எண். ஃபில்டர் சரியாக 340 நானோமீட்டரில் நிற்கிறது, ஒளிப்பாதை சரியாக ஒரு சென்டிமீட்டர், வெப்பம் சரியாக 37 என்று எல்லாம் கூடி வந்தால்தான் அது உண்மை.

தை மாதக் காலையில் கோத்தகிரியில் ஒரு லேபுக்குப் போயிருந்தேன். ஜன்னலில் பனி வழிந்துகொண்டிருந்தது, அறைக்குள் 11 டிகிரி. டெக்னீஷியன் அக்கா ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ரீஏஜென்ட்டைக் கையில் ஒரு நிமிடம் பொத்தி வைத்துவிட்டு, சீரத்தைச் சேர்த்து உறிஞ்ச விட்டார். மெஷின் திரையில் 37.0 என்று பச்சையில் நின்றது. அது செல்லின் வெப்பம், உள்ளே போன திரவத்தின் வெப்பம் அல்ல. முதல் நிமிடத்து ஓ.டி (ஒளி உறிஞ்சல்) இறக்கத்தைவிட மூன்றாம் நிமிடத்து இறக்கம் கூடுதலாக இருந்தது. திரவம் மெல்லச் சூடேறிக்கொண்டிருந்ததற்கு அதுவே அடையாளம். ஒரு டிகிரி குறைந்தால் வேகம் தோராயமாக 7 சதவீதம் குறையும். ரீஏஜென்ட்டைப் பத்து நிமிடம் ட்ரை பாத்தில் (டியூபைச் சூடாக வைக்கும் கருவி) வைத்து மறுபடி ஓட்டினோம், 48 என்று வந்தது 57 ஆனது. விடை தெரிந்த சோதனைத் திரவமான கண்ட்ரோலும் அன்று காலை குறைவாகத்தான் வந்திருந்தது, குளிர்காலத்தில் அப்படித்தான் வரும் என்று விட்டிருந்தார்கள். கேலிபிரேட்டர் இந்த மாதிரிக் குறைகளில் பலவற்றைத் தானே சரிக்கட்டும், ஆனால் கேலிபிரேட்டரும் ஸாம்பிளும் ஒரே சூட்டில் ஓடினால் மட்டும்.

கேலிபிரேட்டரால் முடியாத ஒன்றும் உண்டு. பி-6 இல்லாத ரீஏஜென்ட்டில் பி-6 முறையின் எண் போட்ட கேலிபிரேட்டரை ஓட்டினால், கேலிபிரேட்டர் மட்டும்தான் சரியான எண் காட்டும், நோயாளிகளின் சீரத்தில் ஆளுக்கு ஆள் மாறும் பிழை அப்படியேதான் இருக்கும். அதேபோல் ஒரு கம்பெனியின் கேலிபிரேட்டரை இன்னொரு கம்பெனி ரீஏஜென்ட்டில் போடுவது. உறைய வைத்து உலர்த்திப் பொடியாக்கி, வேறு உயிரினத்து நொதி கலந்து செய்த பாட்டில், மனித சீரம் போலவே எல்லா ரீஏஜென்ட்டிலும் நடந்துகொள்ளாது. காசு மிச்சம் என்று இதைச் செய்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். செய்யாதீர்கள்.

செலவு கூடும், மறைக்க ஒன்றுமில்லை. பி-6 வடிவத்தைச் சில கம்பெனிகள் தனிப் பாட்டிலாகத் தருகின்றன, கலந்த பிறகு அதிக நாள் நிற்காது. ஒரு நாளைக்குப் பத்து எல்.எஃப்.டி (ஈரல் பரிசோதனை) செய்யும் லேபில் பாதி வீணாகும். இதற்குத்தான் ஐந்து பேரும் சேர்ந்து வாங்குவது, ஆனால் நாங்களே சின்னப் பாட்டிலாகப் பிரித்துக்கொள்ளாமல் கம்பெனியிடமே சின்ன பேக் கேட்பது என்று பேசினோம். ஐந்து லேப்பும் ஒரே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) எடுக்கும்போது பேரம் பேச முடியும். அதுவும் கட்டாது என்றால் என் யோசனை இது: காசநோய், டயாலிசிஸ், குடிநோய் ஆகியவற்றின் எஸ்.ஜி.பி.டியைப் பி-6 உள்ள கிட் வைத்திருக்கும் ஒரே லேபில் பார்ப்பது. மற்றவர்களுக்கு, பி-6 இல்லை என்று ரிப்போர்ட்டிலேயே எழுதிக் கொடுப்பது.

வெளி அமைப்பு ஒரே திரவத்தைப் பல லேப்களுக்கு அனுப்பி மதிப்பெண் போடும் வெளித் தரச் சோதனையில் நாங்கள் நல்ல மதிப்பெண் வாங்குகிறோமே, பிறகு ஏன் இவ்வளவும் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். வேலூர் சி.எம்.சி நடத்துவது போன்ற திட்டங்கள் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய துணை, அதில் சேராத லேப் உடனே சேர வேண்டும். ஆனால் அங்கே மதிப்பெண் பெரும்பாலும் ஒரே முறையைப் பயன்படுத்துகிறவர்களோடு ஒப்பிட்டுத்தான் வருகிறது. பி-6 இல்லாதவர்கள் கூட்டத்தில் நானும் ஒருத்தி, அந்தக் கூட்டத்தின் சராசரிக்கு மிக அருகில் இருந்தேன். 104 எழுதிய மாதத்திலும் என் மதிப்பெண் நன்றாகவே இருந்தது.

ஆகவே எங்களுக்குள் ஒரு தனிச் சோதனையும் வைத்துக்கொண்டோம். மாதம் ஒருமுறை, மிச்சமான புது சீரம் நான்கு, பெயர் நீக்கி எண் மட்டும் ஒட்டி, மூன்று அடுக்காகப் பொட்டலம் கட்டி, ஐந்து லேப்புக்கும் போகும். ஒன்று நார்மல், ஒன்று எல்லையில், இரண்டு உயர்ந்தது. உண்மையான நோயாளியின் சீரம் என்பதால் பாட்டில் கண்ட்ரோல் மறைக்கும் வித்தியாசத்தை இது காட்டிக்கொடுத்துவிடும்.

புதிய கிட்டுக்கு மாறும்போது டாக்டர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒரு வாரத்தில் ஊரில் எல்லோருக்கும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் பாதியானால் அவர்கள் எங்களைச் சந்தேகிப்பது நியாயம். தொடர் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மூன்று மாதம் பழைய முறை, புதிய முறை இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுகிறோம். மூன்றாவது வழியின் பெருக்கும் எண்ணுக்கு இங்கே ஒரு தற்காலிக இடம் உண்டு, ஆல்கலைன் பாஸ்பட்டேஸுக்கு மட்டும். வரிசை எஸ்.ஜி.பி.டி, எஸ்.ஜி.ஓ.டி முதலில், பிறகு ஆல்கலைன் பாஸ்பட்டேஸ். எல்.டி.ஹெச்சை மூன்றாவதாக வைத்திருந்தார்கள். பந்தலூர் அண்ணன் கேட்டுக்கொண்டதன் பேரில் அதை முதலுக்கே கொண்டுவந்துவிட்டோம், அவர் லேபுக்குத்தான் அரிவாள் செல் குழந்தைகள் அதிகம் வருகிறார்கள்.

வரும் திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் இந்த மாதத்து நான்கு டியூப்களும் கூடலூரிலிருந்து ஏறுகின்றன. எல்.டி.ஹெச் டியூபை மட்டும் ஐஸ் பெட்டிக்கு வெளியே, தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன்.